ஹாஸ்டல் முன்பணம்: நகைக்கடனா, கல்விக்கடனா?

கவுன்சிலிங்கில் சீட் கிடைத்துவிட்டது. ஹாஸ்டல் பணத்தை மட்டும் மொத்தமாகக் கட்டச் சொல்கிறார்கள்.

வேகம்: நகைக்கடன் அன்றைக்கே கைக்கு வரும். கல்விக்கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்து, அப்புறம் வங்கிக்கு நடையாய் நடக்கணும்.

ஈடு: அங்கே அம்மாவின் வளையல். இங்கே 4 லட்சம் வரை ஈடு வேண்டாம், நம் பங்காகவும் எதுவும் போட வேண்டாம். விடுதிக் கட்டணத்துக்கும் கல்விக்கடன் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. விண்ணப்பத்திலேயே சேர்த்துக் கேளுங்கள்.

திருப்பிக் கட்டுவது: கல்விக்கடனுக்குப் படிப்பு முடிந்து 1 வருடம் வரை அவகாசம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். நகைக்குக் கெடு தாண்டினால் ஏலம்.

கடைசித் தேதி அடுத்த வாரம் என்றால் வளையல்தான் வழி. ஒரு மாதம் இருந்தால் கல்விக்கடன். அந்தப் பணத்தில் வளையலை மீட்கலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். பெரும்பாலும் அது நேரே கல்லூரிக் கணக்குக்குத்தான் போகும்.