பிழை கண்டால் பரிசு: க்னூத் வழியா, பெர்ன் வழியா?

தங்கள் துறை வெளியீடுகளில் பிழை கண்டுபிடிப்பவருக்கு எப்படிப் பரிசு தரலாம் என்று சிலர் குழம்புகிறார்கள். கண்முன்னே இரண்டு முன்மாதிரிகள் உண்டு.

தொகை
க்னூத்: கணினியறிஞர் டொனால்ட் க்னூத், தன் நூல்களில் கண்ட பிழை ஒன்றுக்கு 2.56 டாலர் தருகிறார். அதாவது 256 சென்ட்; பதினாறை அடியாகக் கொண்ட கணினியுலக எண்முறையில் 256ஐ 100 என்று எழுதுவார்கள்.
பெர்ன்: சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் 2024இல் தொடங்கிய 'எரர்' (பிழை) திட்டம் ஓர் ஆய்வுக் கட்டுரையைச் சரிபார்க்க 1,000 சுவிஸ் ஃபிராங்க் வரை தருகிறது. பிழை சிக்கினால் கூடுதல் தொகையும் உண்டு.

தேடுபவர்
க்னூத்: வாசகர் யாராகவும் இருக்கலாம். பரிசாக அவர் அனுப்பிய காசோலையை வங்கியில் போடாமல் சட்டகத்தில் போட்டுச் சுவரில் மாட்டியவர்கள் பலர். காசோலை மோசடிக்கு அஞ்சி 2008இல் அதைக் கற்பனை வங்கியொன்றின் சான்றிதழாக மாற்றினார். அப்போதும் மவுசு குறையவில்லை!
பெர்ன்: இதற்கென அமர்த்தப்பட்டவர் தரவு, நிரல், கணக்கு எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பார். இந்த உழைப்பை இலவசமாகக் கேட்பது நியாயமே இல்லை.

ஆசிரியர் சம்மதம்
க்னூத்: அவரே அழைக்கிறார்.
பெர்ன்: கட்டுரை ஆசிரியர் ஒப்ப வேண்டும், அவருக்கும் சிறு தொகை உண்டு. என் கவலை இங்கேதான். தரவைத் திரித்தவர் எதற்காக ஒப்புவார்?

பாடநூல், விரிவுரைக் குறிப்பு என்றால் க்னூத் வழி போதும். மருந்தளவையோ அரசுக் கொள்கையையோ தீர்மானிக்கும் ஆய்வு என்றால், நிதி திரட்டியாவது பெர்ன் வழிக்குப் போங்கள்.