பாதாம் கடல்பாசி: வெளிநாட்டுப் பொடியும் கடைத்தெரு இழையும்

நேராகச் சொல்லிவிடுகிறேன். சீனர்கள் செய்கிற பாதாம் ஜெல்லியை வீட்டில் செய்ய ஆசைப்படுகிறவர்கள் வெளிநாட்டு ரெடிமேட் பொடிக்குக் காசு கொடுக்க வேண்டாம். மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அந்த வெள்ளை இழைப் பாக்கெட்டே போதும். நாகூரில் எங்கள் வீட்டில் இரண்டையும் ஒரே நாளில் செய்து, அடுத்தடுத்து வைத்துச் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

பொடி, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி கொண்டுவந்தது. அங்கே தெலுக் ஆயர் தெருவில் எங்கள் ஊர் தர்காவின் பெயரிலேயே ஒரு தர்கா இருக்கிறது, 1830 வாக்கில் கட்டி முடித்தது. அதே தெருவில் சீனர்களின் பழைய கோயில் ஒன்றும் உண்டு. அந்த ஊரில் லிச்சி மாதிரி இருக்கும் லொங்கான் பழத்தோடு குளிரக் குளிரக் கிண்ணத்தில் வரும் பாதாம் ஜெல்லி தம்பிக்கு உயிர். "லாத்தா, நம்ம நோம்புக் கடல்பாசி மாதிரிதான், ஆனா வாசம் வேற" என்று போனில் பல தடவை சொல்லியிருக்கிறான். நோன்பு திறக்க எங்கள் வீடுகளில் செய்யும் சைனா கிராஸ் ஜெல்லியைத்தான் கடல்பாசி என்கிறான்.

பொடியில் வேலை குறைவு என்பது உண்மைதான். கொதிக்கிற தண்ணீரில் கரைத்துத் தட்டில் ஊற்றினால் முடிந்தது. ஆனால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தால் முதலில் சர்க்கரை, அப்புறம் பால் பவுடர், கடைசியில் எசன்ஸ். பாதாம் என்ற பருப்பே கிடையாது. இனிப்பைக் குறைக்கவும் வழியில்லை. துண்டு போட்டால் ஓரம் கொழகொழவென்று சரிகிறது. இன்னொன்று, இப்படிப்பட்ட பாக்கெட் எதை வாங்கினாலும் ஜெலட்டின் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். அது மாட்டின் அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. சைனா கிராஸில் அந்தக் கவலையே இல்லை. முழுக்கக் கடல் பாசி. ராமநாதபுரம் கரையில் பெண்கள் மூழ்கி அரித்தெடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப் பாசியிலிருந்தும் எடுக்கிற அகர்தான் அது.

இழையில் நான் செய்த கணக்கு இது. 10 கிராம் இழையைக் கத்தரியால் நறுக்கி, 400 மில்லி தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, அதே தண்ணீரோடு அடுப்பில் ஏற்ற வேண்டும். ஒரு நார் கூடக் கண்ணில் படாத வரை கொதிக்கட்டும். அகர் சுமார் 85 டிகிரிக்கு மேல்தான் சரியாகக் கரையும், அதனால் இதில் அவசரம் கூடாது. கரைந்த பிறகுதான் சர்க்கரை, 100 கிராம். இதற்கு முந்தின இரவே 100 கிராம் பாதாமை ஊறப்போட்டுத் தோலுரித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு மை போல அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து பால் எடுத்து வைத்திருக்க வேண்டும். பாதாம் பாலும் பசும்பாலும் சேர்த்து 600 மில்லி வரட்டும். அதைச் சூடாக்கித்தான் அகர் கரைசலில் ஊற்ற வேண்டும். பால் ஆறிக் கிடந்தால் அகர் அங்கங்கே திரண்டு போகும். பிழிந்த சக்கையைக் குருமாவுக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நல்ல கெட்டிப்பு தரும்.

இனி வாசம். தம்பி தேடிய வாசம் நம் பாதாமில் அவ்வளவாக இல்லை. சீனர்கள் பழைய முறையில் அரைப்பது பாதாமையே அல்ல, ஆப்ரிகாட் பழக்கொட்டையின் உள்பருப்பை. அந்தத் தூக்கலான வாசம் அதில்தான் இருக்கிறது. அதற்காக அந்தப் பருப்பைத் தேடி வாங்கி வீட்டில் அரைக்கக் கிளம்ப வேண்டாம். கசப்பு ரகத்தில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. அது உடம்புக்குள் போய் சயனைடு விடும், குழந்தைகளுக்கு ரொம்ப ஆபத்து. கசக்கிற பாதாமுக்கும் இதே விதி. பாதாம் எசன்ஸ் மூன்று சொட்டு, அடுப்பை அணைத்த பிறகு. அதற்கு மேல் போனால் மருந்து வாடை வந்துவிடும். மூன்று சொட்டு விட்டதைத் தம்பிக்குக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, "இது அதேதான்" என்றான். உம்மாவுக்கு எசன்ஸே பிடிக்கவில்லை, ஏலக்காய் போட்டிருக்கலாம் என்றார்கள். எனக்கு எசன்ஸ் போட்டதுதான் பிடித்தது. ஏலக்காய் வந்தால் இது பாதாம் பால் ஆகிவிடுகிறது.

இழையை நான் இவ்வளவு தூக்கிப் பேசக் காரணம் நம் வெயில். அகர் 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் தானாக இறுகிவிடும், ஃப்ரிட்ஜ் கூடத் தேவையில்லை. ஒருமுறை இறுகினால் சித்திரை வெயிலிலும் இளகாது. கரண்ட் போன மத்தியானத்திலும் தட்டில் அப்படியே நின்றது. டைமண்ட் வடிவத்தில் வெட்டினால் ஓரம் கத்தி போல வருகிறது. கடித்தால் மெதுவாக உடைகிறது. வாயில் கரைய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

லொங்கானுக்கும் லிச்சி டின்னுக்கும் நான் அலையவில்லை. இளம் நுங்கைத் தோல் நீக்கி நறுக்கி, ஆறவைத்த சர்க்கரைப் பாகில் போட்டு, அதோடு ஜெல்லித் துண்டுகளைக் கலந்தேன். கண்ணுக்கும் நாக்குக்கும் அத்தனை பொருத்தம். பாகு மட்டும் நீர்த்தாற்போல இருக்கட்டும். எலுமிச்சை பிழிய விரும்பினால் பாகில் பிழியுங்கள். அகரோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் புளிப்பு அதன் பிடிப்பைக் குலைத்துவிடும்.

இழையிலும் குறை உண்டு. 10 கிராம் பாக்கெட்டுக்கு 60 ரூபாய் கொடுத்தேன், எடைக்குப் பார்த்தால் அதிகம். பழைய சரக்கு மஞ்சளடித்து, கரைக்கும்போது கடல் கவிச்சி வரும். அது பாதாம் வாசத்தை அமுக்கிவிடும், ஆகவே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வெள்ளையாக இருப்பதையே வாங்குங்கள். செய்ததை அன்றைக்கே தீர்த்துவிடுவது நல்லது. மறுநாள் தண்ணீர் விட்டுக்கொள்ளும், ருசி கெடாது, ஆனால் துண்டு சுருங்கிப்போகும். நோம்பு நெருங்கினால் கடைத்தெருவில் நல்ல இழை சீக்கிரம் தீர்ந்துவிடும். முன்கூட்டியே வாங்கி ஈரம் படாத டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.