சி ஷிப்ட் எந்தத் தேதிக்குச் சொந்தம்? கிராஃப் ஏபிஐயுடன் மூன்று வருடம்

ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கணினிப் பிரிவில் இருக்கிறேன். மூன்று வருடமாக எங்கள் ஷிப்ட் சார்ட், மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் உள்ள ஷிப்ட்ஸ் செயலியில் இருக்கிறது. அதற்கு முன்னால் எக்செல். இன்சார்ஜ் சனிக்கிழமை சாயங்காலம் பிரிண்ட் எடுத்து, அதைப் போட்டோ பிடித்து, வாட்ஸ்அப் குழுவில் போடுவார். திங்கட்கிழமைக்குள் நாலு திருத்தம் வந்துவிடும். எது கடைசிப் படம் என்று கேன்டீனுக்கும் தெரியாது, பஸ் பார்க்கும் அண்ணனுக்கும் தெரியாது.

செயலிக்கு மாறியதும் எனக்கு வந்த வேலை இதுதான்: கிராஃப் ஏபிஐ (மைக்ரோசாஃப்ட் செயலிகளில் உள்ள விவரத்தை நம் நிரல் கேட்டு வாங்கும் வழி) மூலம் ஷிப்ட் விவரத்தை எடுத்து, பஸ்ஸுக்கு ஸ்டாப் வாரியாகவும் கேன்டீனுக்குத் தலைக்கணக்காகவும் கொடுக்க வேண்டும்.

எடுப்பது கஷ்டமே இல்லை. நிர்வாகியிடம் படிக்கும் அனுமதியை மட்டும் வாங்கினேன். எழுதும் அனுமதியையும் சேர்த்து வாங்கிவை, பின்னால் உதவும் என்றார் கூட இருந்தவர். வேண்டாம் என்றுவிட்டேன். என் நிரல் தப்புச் செய்தால் திரையில் தப்பாகத் தெரியட்டும், அறுநூறு பேர் சார்ட்டைக் கலைக்க வேண்டாம். அரை நாளில் முதல் ஜேசன் (ஏபிஐ தரும் பதிலின் எழுத்து வடிவம்) வந்து விழுந்தது. அதைப் பார்த்த தெம்பில், வாரக் கடைசிக்குள் முடித்துவிடுவேன் என்று மேலாளரிடம் சொன்னேன். முடிக்க நாலு மாதம் ஆயிற்று.

முதல் அடி, பக்கங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் கடைசியில் அடுத்த பக்கத்துக்கான இணைப்பு ஒன்று வரும், அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். நான் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டேன். அடுத்தது, பெயர். ஷிப்டுக்குள் ஆளின் பெயர் இருக்காது, நீளமான பயனர் எண்தான் இருக்கும். பெயரைத் தனியாகக் கேட்க வேண்டும். பணியாளர் எண் வேண்டுமானால் அந்த விவரம் வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேட்டால்தான் வரும், சும்மா கேட்டால் வராது. வேலையை விட்டுப் போனவரின் பழைய ஷிப்ட் வரிசையில் நிற்கும், அவர் கணக்கைத் தேடினால் 404, அப்படி ஒருவர் இல்லை என்ற பிழை. இதெல்லாம் மைக்ரோசாஃப்டின் ஆவணத்தில் எழுதியிருக்கிறது. படிக்காதது என் குற்றம்.

வரைவு விஷயம் கொஞ்சம் பெரியது. ஒரு ஷிப்டுக்குள் இரண்டு பிரதி இருக்கலாம்: எல்லோருக்கும் பகிர்ந்தது ஒன்று, இன்சார்ஜ் இன்னும் திருத்திக்கொண்டிருப்பது இன்னொன்று. புதியதுதானே சரியாக இருக்கும் என்று நான் வரைவை எடுத்தேன். இன்சார்ஜ் மத்தியானம் 'இப்படிப் போட்டால் எப்படி இருக்கும்' என்று நகர்த்திப் பார்ப்பதெல்லாம் கேன்டீன் திரையில் தெரிந்தது. பகிர்ந்ததை மட்டும் எடு, வேறு எதையும் தொடாதே. இதை நான் இன்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறேன். விடுப்பும் தனிப் பட்டியலாகத்தான் வரும். இரண்டையும் வைத்துக் கழித்த பிறகே தலைக்கணக்கு.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது சி ஷிப்ட்தான். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி, காலை ஆறுக்கு முடிவது.

நேரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் வருகிறது. நம் பத்து மணி அதில் 16:30. நம் காலை ஆறு, 00:30. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் சரி, அதில் தகராறு இல்லை. தகராறு நான் வைத்த வடிகட்டியில். ஆவணத்தின் உதாரணத்தில் இருந்தபடியே 'தொடக்கம் இதற்குப் பின், முடிவு இதற்கு முன்' என்று எழுதி, திங்கள் 00:00 முதல் அடுத்த திங்கள் 00:00 வரை வாராவாரம் எடுத்தேன். ஞாயிறு ராத்திரி சி ஷிப்ட் திங்கள் காலை முடிகிறது, அதனால் இந்த வாரத்தில் வராது. ஞாயிறே தொடங்கிவிடுகிறது, அதனால் அடுத்த வாரத்திலும் வராது. இரண்டு வாரத்துக்கும் நடுவில் அப்படியே விழுந்துவிடும்.

ஏழு மாதம் இது யாருக்கும் தெரியவில்லை. காரணம், எங்களுக்கு ஞாயிறு விடுமுறை. ஆர்டர் குவிந்து ஞாயிறும் ஓ.டி. ஓட்டிய ஒரு ராத்திரி, ஸ்டாப்பில் நாற்பது பேர் நிற்கிறார்கள், பஸ் இல்லை. அண்ணனிடமிருந்து போன்: "தம்பி, சி ஷிப்டே இல்லன்னு போட்டிருக்கு உன் லிஸ்ட்ல!" வாடகை வேன் பிடித்து ஆட்களை உள்ளே கொண்டுவந்து சேர்த்தால், கேன்டீனில் அடுப்பே பற்றவைக்கவில்லை. மாஸ்டர் என்னைத் திட்டவில்லை, ரவை எங்கே என்று தேடப் போய்விட்டார். அன்றைக்கு நடு ராத்திரிச் சாப்பாடு உப்புமா.

அதன்பின் முன்னும் பின்னும் ஒரு நாள் கூடுதலாக எடுத்து, வெட்டுவதை என் பக்கத்தில் செய்கிறேன். வெட்ட உட்கார்ந்தபோதுதான் இன்னொரு கேள்வி வந்தது. இந்த ஷிப்ட் ஞாயிறா, திங்களா? சம்பளப் பிரிவுக்கு அது தொடங்கிய நாள். கேன்டீனுக்கு நடு ராத்திரிச் சாப்பாடு மறுநாள் தேதி. பஸ்ஸுக்கு ஏற்றுவது ஒரு தேதி, இறக்குவது இன்னொரு தேதி. ஆரம்பத்தில் 'தேதி' என்று ஒரே கட்டம் வைத்திருந்தேன், மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சண்டைக்கு வந்தார்கள். இப்போது தொடக்கம், முடிவு இரண்டை மட்டும் சேமிக்கிறேன். தேதியை அவரவர் திரை அவரவர் வழக்கப்படி கணக்குப் போட்டுக்கொள்கிறது.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலை எல்லாத் திரையும் நின்றுபோயின. கிளையண்ட் சீக்ரெட், அதாவது என் நிரல் உள்ளே நுழையக் காட்டும் ரகசியச் சொல், காலாவதி. நிரலைப் பதிவு செய்யும் பக்கத்தில் அதிகபட்சம் 24 மாதம்தான் கொடுக்க முடியும், நான் அதைக் கொடுத்துவிட்டு மறந்தும் போயிருந்தேன். அதைவிட மோசம், திரை வெறுமையாகாமல் பழைய எண்ணிக்கையையே காட்டிக்கொண்டிருந்தது. இப்போது விவரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பழசானால் எழுத்து சிவப்பாகிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு 429 (அளவுக்கு மீறிக் கேட்கிறாய் என்ற பிழை) வாங்கிய பழக்கத்தையும் விட்டேன். அரை மணிக்கு ஒருமுறை போதும். பதிலில் எவ்வளவு நேரம் பொறு என்று வந்தால் அவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்கிறது.

மற்றவர்களுக்குச் சொல்வேனா? ஒரே ஜெனரல் ஷிப்ட் ஓடும் இடம் என்றால் வேண்டாம், எக்செல் போதும். மூன்று ஷிப்டும் சுழற்சியும் இருந்தால் கண்டிப்பாக. ஒரு விஷயம் மட்டும் இன்னும் தீரவில்லை. ஷிப்ட் மாற்றிக்கொள்ளச் செயலியில் வசதி இருக்கிறது, பாதிப் பேர் கேட்டிலேயே வாய்வார்த்தையாக மாற்றிக்கொள்கிறார்கள். செயலியில் ஏறாதது என் திரைக்கு வராது. அண்ணன் அதற்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். வாரம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து திரையையும் நோட்டையும் ஒத்துப் பார்க்கிறோம். போன வாரம் ஆறு பேர் வித்தியாசம். ஆறிலும் நோட்டுதான் சரி.