விடை உண்டா, இல்லையா: பெரம்பூரில் ஒரு வாடகை நூலகம்

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில், தையற்கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே, பெயர்ப்பலகை இல்லாத ஒரு வாடகை நூலகம் இயங்கி வருகிறது. தெருவில் யாரிடம் 'லெண்டிங் லைப்ரரி' என்று கேட்டாலும் கைகாட்டி விடுவார்கள். பேய், மாந்திரீகம், சாபம், மறுபிறவி ஆகியவற்றைச் சுற்றிப் பின்னப்பட்ட மர்ம நாவல்கள் மட்டுமே இங்கே மூன்று அலமாரிகளை நிறைத்திருக்கின்றன. இளைஞர்கள் இன்று 'டார்க் ஃபேன்டசி' என்று சொல்லிக் கேட்கும் ஆங்கில நாவல்களும் அவற்றில் ஒரு தட்டில் உண்டு. இரண்டு ஆண்டுகளாக நான் இங்கே உறுப்பினர். ஆயினும் இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது, நூலகத்தை நடத்தும் பெரியவரின் மேசையோரத்தில் சணல் கயிற்றில் கட்டித் தொங்கும் ஒரு நோட்டுப் புத்தகம்.

முதலில் கணக்கு வழக்கைச் சொல்லிவிடுகிறேன். வைப்புத்தொகை 500 ரூபாய். விலகும்போது திருப்பித் தருகிறார்கள். புதிய புத்தகங்களுக்கு அச்சிட்ட விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை, பத்து நாள் தவணை. பழைய மாத நாவல்களில் ஐந்து ரூபாய் என்றுதான் விலை போட்டிருக்கும் என்பதால் அவற்றை ஐந்தாறாகச் சேர்த்து காலிகோ துணியில் பைண்டு செய்து, தொகுதிக்கு 20 ரூபாய் வாங்குகிறார்கள். மாலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது வரை திறந்திருக்கும். செவ்வாய் விடுமுறை.

இனி அந்த நோட்டுக்கு வருகிறேன். கோடு போட்ட 200 பக்க நோட்டு. இப்போது ஓடுவது நான்காவது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 'முடிவை எழுதக்கூடாது' என்று பெரியவர் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறார். ஒவ்வொரு பதிவிலும் புத்தக எண், படித்தவரின் முதலெழுத்து, அதன்பின் இரண்டு வரியோ அரைப் பக்கமோ கருத்து. ஓரத்தில் ஒரு சிறு வட்டம் வரையப்பட்டிருக்கும். முழுதும் நிரப்பிய வட்டம் என்றால் மர்மத்துக்கு விடை உண்டு. பாதி நிரப்பியிருந்தால் பாதி விடை. வெறும் வட்டம் என்றால் ஆசிரியர் நம்மை நடுக்காட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று பொருள். ஒரே எண்ணுக்கு நேரே மூன்று வகை வட்டங்களையும் பார்த்திருக்கிறேன். அத்தகைய புத்தகத்தைத்தான் நான் முதலில் எடுப்பேன்.

இந்த வட்டங்களை வைத்து நடக்கும் விவாதம், நான் படித்த பல அச்சிட்ட விமர்சனங்களைவிடக் கூர்மையானது. ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர், சாய்ந்த நீல எழுத்தில் தொடர்ந்து எழுதுகிறார். பேயாக வந்தது கருப்புக் கம்பளி போர்த்திய பங்காளிதான் என்று முடியும் நாவல்களுக்கு மட்டுமே அவர் முழு வட்டம் போடுவார். பச்சை மையில் எழுதும் ஒரு பெண் இதை விடாமல் மறுக்கிறார். முந்நூறு பக்கம் நடுங்க வைத்துவிட்டு, கடைசி நான்கு பக்கத்தில் ஒரு மனநல மருத்துவரை அழைத்து வந்து அத்தனையும் பிரமை என்று சொல்ல வைப்பது, விருந்துக்கு அழைத்துவிட்டு இலையை எடுத்துவிடுவதற்குச் சமம் என்பது அவர் வாதம். அந்தப் பெண்ணின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் விடையே சொல்லாமல் முடிப்பதை அவர் அழகு என்று கொண்டாடும்போது என்னால் கூடவே போக முடியவில்லை.

மூன்றாவதாக ஒரு தரப்பு உண்டு. நான் அதைச் சேர்ந்தவன். பேய் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அந்தப் பேயால் என்ன முடியும், எதைச் செய்ய அதனால் முடியாது என்பதை ஆசிரியர் முன்கூட்டியே நமக்குச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் கதை முடிந்தால் அதுதான் நேர்மையான விடை. இதற்கு எடுத்துக்காட்டாக நோட்டில் ஒருவர் பழையனூர் நீலியின் கதையை எழுதியிருந்ததைப் படித்து, அன்று நெடுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பாமலே நின்றேன். முற்பிறவியில் தன்னைக் கொன்ற வணிகனைப் பழிவாங்க வரும் பேய் நீலி. அவன் கையில் மந்திரக் கத்தி இருக்கும்வரை அவளால் அவனை நெருங்க முடியாது. ஆகவே அவள் கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் மனைவி என்று ஊரார்முன் முறையிடுகிறாள்; கத்தியை வாங்கி வைக்கும்படி அவர்களையே கேட்கிறாள். அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்களித்துக் கத்தியை வாங்கிய 70 வேளாளர்களும், மறுநாள் அவன் செத்துக் கிடக்கக் கண்டு தீக்குள் இறங்குகிறார்கள். பேய் எந்த இடத்திலும் தன் விதியை மீறவில்லை. மனிதர்களே அந்தக் கத்தியை அவனிடமிருந்து வாங்கி வைத்தார்கள். பெரம்பூர் வழியாக அரக்கோணம் செல்லும் மின்சார ரயிலில் திருவாலங்காட்டில் இறங்கினால் பழையனூர் பக்கத்திலேயே இருக்கிறது. நம் வாசலில் வழங்கும் கதை இவ்வளவு கச்சிதமாகக் கட்டப்பட்டிருக்கும்போது, புதிதாக எழுதுபவர்கள் இதைப் பயிலாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அதே பக்கத்தின் கீழே இன்னொருவர், 1897-இல் வெளிவந்த டிராகுலா என்ற ஆங்கில நாவலும் இதே முறையில்தான் நிற்கிறது என்று சேர்த்திருக்கிறார். வீட்டில் உள்ளவர் ஒருவர் முதலில் அழைக்காவிட்டால் இரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபுவால் உள்ளே நுழைய இயலாது. கண்ணாடியில் அவன் உருவம் தெரியாது. இவற்றை அறிந்த பிறகு, சன்னலைத் தாழிடுவதுகூட வாசகனுக்குப் பதைப்பான செயலாகிவிடுகிறது. வேதாளமும் அப்படித்தான்: விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் விக்கிரமாதித்தனின் தலை வெடிக்கும், வாய் திறந்தால் அது மறுபடி மரமேறிவிடும். மணிமேகலையில் ஒரு படி மேலே. சுடுகாட்டில் பேயைக் கண்டு அஞ்சி இறந்த சார்ங்கலனின் உயிரைக் கேட்டுத் தாய் கோதமை மன்றாடும்போது, போன உயிரை மீட்கத் தன்னால் ஆகாது என்று சம்பாபதி தெய்வமே சொல்லி, மற்றத் தேவர்களையும் வரவழைத்து அதற்குச் சாட்சி சொல்ல வைக்கிறாள்.

இந்த அளவுகோலில் மாத நாவல்களில் பல தேறுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை பேச்சே இல்லாத ஒரு சாமியார் கடைசி அத்தியாயத்தில் மலையிலிருந்து இறங்கி, ஒரு தாயத்தைக் கட்டி, எல்லாவற்றையும் முடித்து வைப்பார். நோட்டில் இதற்கு 'திடீர் சித்தர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு பதிவில் 'தி.சி.' என்று கண்டால் அந்தத் தொகுதியை நான் தொடுவதில்லை.

இந்திரா சௌந்தர்ராஜனின் நூல்களுக்குத் தனித் தட்டு உண்டு. 2024 நவம்பரில் அவர் மறைந்த பிறகு அந்தத் தட்டு பல வாரங்கள் காலியாகவே கிடந்தது. நம்பிக்கையும் அறிவும் ஒன்றையொன்று வெல்ல விடாமல் கடைசிவரை இழுத்துச் செல்வதை நீல மைக்காரரும் பச்சை மைக்காரரும் ஒருமித்துப் பாராட்டியிருப்பது அந்தப் பதிவுகளில் மட்டும்தான். மலையாளத்திலிருந்து வந்த கோட்டயம் புஷ்பநாத்தின் மாந்திரீக நாவல்கள் அதற்கு அடுத்தபடியாக ஓடுகின்றன. வேகம் உண்டு, ஆழம் குறைவு. ஆங்கிலத் தட்டில் இருப்பவற்றில் பெரும்பகுதி, ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் விட்டுச் சென்றவை என்று பெரியவர் சொன்னார். பத்து ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட தமிழ் நூல்கள் மிகக் குறைவு, அது பெருங்குறை.

அதைவிடப் பெரிய குறை ஒன்றை நானே அனுபவித்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது கீழ்த்தட்டுகள் முழுவதும் நனைந்தன. காயவைத்து மறுபடி பைண்டு செய்த ஒரு தொகுதியை எடுத்துப் போய், கிணற்றின் கல்மூடியை நகர்த்தும் இடம்வரை இரவோடு இரவாகப் படித்தேன். அதற்கு மேல் ஒரு ஃபாரம், பதினாறு பக்கம், இல்லை. மறுநாள் பெரியவரிடம் சொன்னதும், "பாக்காம குடுத்துட்டேன் தம்பி, மன்னிச்சுக்க. அடுத்த புக்கு வாடகையில்லாம எடுத்துக்க" என்றார். மனம் இளகிவிட்டது. ஆனால் நோட்டைப் புரட்டியபோது, நான்கு மாதங்களுக்கு முன்பே ஒருவர் அதே எண்ணுக்கு நேரே 'கடைசி ஃபாரம் இல்லை' என்று எழுதியிருந்தார். வாசகர்களை இவ்வளவு அக்கறையாக எழுத வைக்கும் ஒருவர், அவர்கள் எழுதுவதைத் தானும் வாரம் ஒருமுறை படிக்க வேண்டும். மர்ம நாவலில் கடைசிப் பக்கங்கள் இல்லாத பிரதியை வாடகைக்கு விடுவது, இருபது ரூபாயே ஆனாலும், தவறு.

இதை அவரிடம் நேரிலேயே சொன்னேன். இப்போது வெள்ளத்தில் நனைந்த தொகுதிகளின் முதுகில் மஞ்சள் தாள் ஒட்டி, பக்கங்களை எண்ணிப் பார்த்தவற்றில் மட்டும் தன் கையொப்பம் இடுகிறார். இதுவரை ஒரு தட்டு முடிந்திருக்கிறது. முதன்முறை செல்பவர்கள் கையொப்பம் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் நோட்டுக்காக அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கிணற்றுக் கதையின் முழுப் பிரதி யாரிடமாவது இருந்தால், நோட்டில் என் பதிவுக்குக் கீழே ஒரு வரி எழுதி வையுங்கள்.