தீர்ப்புக்குப் பின் ஜூரியிடம் கேட்கலாமா? மூன்று நாடுகளின் மூன்று வழிகள்

வழக்கு முடிந்து பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட ஜூரி (தனியறையில் ரகசியமாகக் கலந்து பேசித் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) உறுப்பினரிடம் "எங்கள் வாதத்தில் எது எடுபடவில்லை?" என்று வழக்கறிஞர் கேட்பதற்கு அமெரிக்காவில் பல இடங்களில் தடையில்லை, சில நீதிமன்றங்கள் மட்டும் முன் அனுமதி பெறச் சொல்கின்றன. இங்கிலாந்திலோ, கலந்தாய்வு அறைக்குள் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்பதே குற்றம். 1981-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்திலிருந்த இந்தத் தடை, 2015-இல் ஜூரிச் சட்டத்துக்கு மாறியது. மீறினால் இரண்டு ஆண்டுவரை சிறை.

இந்த வேறுபாட்டின் விலை என்ன என்பதை இரண்டு வழக்குகள் காட்டுகின்றன. இங்கிலாந்தில், பாகிஸ்தானிலிருந்து குடியேறிய மிர்சா என்ற குற்றம் சாட்டப்பட்டவர் மொழிபெயர்ப்பாளரின் உதவியுடன் சாட்சியம் அளித்ததே ஒரு தந்திரம் என்று சக உறுப்பினர்கள் கருதியதாக, தீர்ப்புக்குப் பின் ஜூரி உறுப்பினர் ஒருவர் கடிதம் எழுதினார். அதைச் சான்றாக ஏற்க முடியாது என்று அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் அவை 2004-இல் முடிவு செய்தது. அமெரிக்காவின் கொலராடோவிலோ, தீர்ப்புக்குப் பிறகு இரண்டு உறுப்பினர்கள் பின்தங்கி நின்று, குற்றம் சாட்டப்பட்டவர் மெக்சிகோக்காரர் என்பதையே இன்னோர் உறுப்பினர் குற்றத்துக்குக் காரணமாகச் சொன்னதாக குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞரிடம் தெரிவித்தார்கள். இத்தகைய இனவெறிக்கு முன் கலந்தாய்வின் ரகசியம் விலகியாக வேண்டும் என்று 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் இது விதிவிலக்குதான். விசாரணையின்போது ஜூரி உறுப்பினர்கள் மதுவும் போதைப்பொருளும் பயன்படுத்தினார்கள் என்ற புகாரைக்கூட, அவர்களது சாட்சியத்தைக் கொண்டு நிறுவ அதே நீதிமன்றம் 1987-இல் அனுமதிக்கவில்லை.

ஆகவே அமெரிக்கப் பேட்டியின் பெரும்பயன் வழக்கறிஞரின் பாடம்தான். அந்தப் பாடத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பேச முன்வருபவர்கள் எல்லோரையும் பிரதிநிதித்துவப்படுத்துவதில்லை. கேட்பவரோ வென்றவராகவோ தோற்றவராகவோ இருக்கிறார். முகத்துக்கு நேரே கிடைப்பது பெரும்பாலும் உபசாரமே. அதற்காக இங்கிலாந்தைப் போலக் கதவைச் சாத்திவிட்டுப் ஆய்வுக்காக நடத்தும் மாதிரி விசாரணைகளை மட்டும் நம்பினால், ஒருவர் உண்மையிலேயே சிறைக்குப் போவார் என்ற பாரம் இல்லாத முடிவுகளைத்தான் ஆராய முடியும்.

நியூசிலாந்தின் வழி மேலானது. 1990-களின் இறுதியில் அங்கே வழக்கில் தொடர்பில்லாத ஆய்வாளர்கள் 48 விசாரணைகளைச் சேர்ந்த 312 ஜூரி உறுப்பினர்களைச் சந்தித்துப் பேசினார்கள். குற்றத்தை நிரூபிக்க வேண்டிய அளவான 'நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்' என்றால் என்ன என்பதில் பலருக்குத் தெளிவில்லை என்பதும், அதைச் சதவீதமாக மாற்றி, நூறா, தொண்ணூற்றைந்தா, எழுபத்தைந்தா என்று விவாதித்தார்கள் என்பதும் அதில்தான் வெளிவந்தன. தன் வாதம் எடுபட்டதா என்று விசாரிக்கும் வழக்கறிஞருக்கு இப்படி ஒரு விடை கிடைக்காது, ஏனெனில் அந்தக் கேள்வியே அவருக்குத் தோன்றாது.