கொல்லையில் கொய்யா, சப்போட்டா: பையும் வலையும் போட்டுப் பார்த்த அனுபவம்

பழங்களை அணில், கிளி, வௌவாலிடமிருந்து காக்க நான் நம்பிச் சொல்வது, பழத்துக்குத் தனித்தனியாகப் பை கட்டுவதைத்தான். மரம் முழுக்க வலை போர்த்துவதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீடு. 2011 தானே புயலில் பழைய மரங்கள் சாய்ந்த பிறகு வைத்த கொய்யாவும் சப்போட்டாவும் மாதுளையும் கொல்லையில் நிற்கின்றன.

கொய்யாப் பிஞ்சு எலுமிச்சை அளவு வந்ததும் வெள்ளை நான்-வோவன் (நெய்யாத மெல்லிய துணி) பையை மாட்டி, காம்பில் கட்டாமல் அது தொங்கும் சிறு கிளையில் கட்டுவேன். காம்பில் கட்டினால் காற்றடிக்கும்போது பிஞ்சு உதிர்ந்துவிடும். இந்தப் பையில் கிளிக்குப் பழம் தெரிவதில்லை, பழ ஈயும் முட்டையிட முடியாது. உள்ளே புழு இல்லாத கொய்யாவை வெட்டிச் சாப்பிடுவது எவ்வளவு நிம்மதி! பாலித்தீன் கவர் உள்ளே வியர்த்துப் பழத்தை அழுக வைக்கும். காகிதப் பை ஐப்பசி மழைக்குத் தாங்காது. துணிப்பையை அலசிக் காயவைத்துத் திரும்பவும் கட்டலாம். வெயிலில் நைந்து தொட்டால் கிழியும்போது மாற்றிவிட வேண்டும்.

அணில் மட்டும் பையையும் கடிக்கும். மதிலை ஒட்டிய கிளைகளைக் கழித்த பிறகு அதன் வரத்து குறைந்தது, நிற்கவில்லை. தனியாக நிற்கும் தென்னைக்குத் தகரம் சுற்றினால் பலன் உண்டு, ஆனால் நம் உப்புக்காற்றில் இரும்புத் தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். அலுமினியத் தகடு வாங்குங்கள். தாழக் கிளைக்கும் கொய்யாவுக்கு இது சரிப்படாது.

வலைக்கு வருகிறேன். முதுநகர் பக்கம் பழைய மீன்வலை மலிவாகக் கிடைக்கிறது என்று பலரும் அதைத்தான் போர்த்துகிறார்கள். அந்த மெல்லிய நைலான் இழையில் பறவையின் காலும் பாம்பின் உடலும் மாட்டிக்கொள்ளும். எங்கள் வலையில் ஒரு செண்பகப் பறவை சிக்கியது. இழை இழையாகக் கத்தரித்துத்தான் விடுவித்தோம். அப்புறம் வலை வேண்டாம் என்றாகிவிட்டது. மாதுளை போன்ற குட்டை மரத்துக்கு வேண்டுமானால் விரல் நுழையாத கண்ணுள்ள வலையைச் சட்டத்தில் விறைப்பாகக் கட்டலாம்.

மின்னும் ரிப்பனுக்குப் பறவைகள் சில நாளில் பழகிவிடும். பிளக்கில் மாட்டும் ஒலிக்கருவியால் எந்த மாற்றமும் தெரியவில்லை.

சப்போட்டாவுக்குப் பையே தேவையில்லை. முற்றிய காயை நகத்தால் லேசாகக் கீறினால் பச்சை தெரியாமல் மஞ்சளாக இருக்கும். அப்போதே பறித்து வைக்கோலில் வைத்தால் வீட்டிலேயே பழுக்கும். மரத்தில் பழுக்க விட்டால்தான் இரவில் வௌவால் வருகிறது. அதற்காக விஷம் வைக்காதீர்கள். இலுப்பைப் பூவில் மகரந்தம் சேர்ப்பதில் வௌவாலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அது கடித்துப் போட்ட பழத்தை, கடித்த இடத்தை வெட்டிவிட்டுக்கூடச் சாப்பிட வேண்டாம். 2018இல் கேரளத்தில் பரவிய நிபா வைரஸ் பழந்தின்னி வௌவாலிடம் இருப்பதுதான். காலையில் குழந்தைகள் மரத்தடிக்குப் போகும் முன் அவற்றைக் கையுறை போட்டுப் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள்.