டிவிஎச்: பழகிப் பார்த்தபின் சொல்கிறேன்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "இன்னுமா விஎச்சோட மல்லுக்கட்டுற? டிவிஎச் போட்டுட்டு வேலையப் பாரேன்." இரண்டும் சிஎஸ்எஸ்ஸில், அதாவது வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியில், திரை உயரத்தை வைத்து அளவு சொல்லும் அலகுகள் (vh, dvh). வாட்ஸ்அப்பில் பதில் எழுதத் தொடங்கினேன், நீண்டுவிட்டது.

தேக்காவில் பலகாரக் கடை வைத்திருக்கும் அக்காவுக்காக 2021 தீபாவளிக்கு ஓர் ஆர்டர் பக்கம் செய்து கொடுத்தேன். மேலே முறுக்கு, அதிரசப் பட்டியல், கீழே பட்டன், மொத்த உயரம் 100விஎச், அதாவது முழுத்திரை உயரம். என் மடிக்கணினியில் கச்சிதமாக இருந்தது. மறுநாள் காலையிலேயே போன். "தம்பி, பட்டன் பாதிதான் தெரியுது." கடைக்கே போய்ப் பார்த்தேன். 'ஆர்டரை உறுதிசெய்க' இரண்டு வரியாக மடங்கியிருந்தது. 'ஆர்டரை' மட்டும் திரையில் இருந்தது, 'உறுதிசெய்க' பிரவுசர் பட்டைக்கு அடியில்.

கோளாறு இதுதான். போன் பிரவுசரில் முகவரிப் பட்டை சுருங்கும், விரியும். 100விஎச் கணக்கில் எடுப்பது பட்டை சுருங்கியபின் கிடைக்கும் பெரிய உயரத்தை. பக்கம் திறக்கும்போதோ பட்டை விரிந்தே இருக்கும். அந்த வித்தியாசம் அளவுக்கு அடிப்பகுதி கீழே போய்விடும். அப்போதைக்கு ஜாவாஸ்கிரிப்டில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, பிரவுசர் ஜன்னலின் உயரத்தை அளந்து, சிஎஸ்எஸ் மாறியில் போட்டு ஒப்பேற்றினேன்.

2022-இல் சஃபாரி 15.4, ஃபயர்ஃபாக்ஸ் 101, குரோம் 108 என்று பிரவுசர்களில் வரிசையாக டிவிஎச் வந்தது. பட்டை எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப மாறும் உயரம். பழைய போன்களுக்காக 100விஎச் ஒரு வரி, அதன் கீழே 100டிவிஎச் ஒரு வரி. தெரியாத அலகு வந்தால் பிரவுசர் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு மேல்வரியையே வைத்துக்கொள்ளும். அந்த ஸ்கிரிப்டை அழித்த அன்று எனக்கு நிஜமாகவே தீபாவளி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை விடவில்லை. முகப்பில் திரை நிறைய அதிரசத் தட்டுப் படம், அதற்கும் டிவிஎச். எம்ஆர்டி ரயிலில் நின்றபடி கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தேன். பட்டை சுருங்கியதும் படம் ஒரு குதி குதித்து உயர்ந்தது, அடியிலிருந்த விலைப்பட்டியல் நழுவிக் கீழே போனது. மாறும் உயரம் என்றால் மாறத்தானே செய்யும், அதன்மேல் குற்றமில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எரிச்சல். இன்னொன்று, விசைப்பலகையை டிவிஎச் கணக்கில் கொள்வதில்லை. முகவரிக்கு பிளாக் நம்பர் தட்டப் போனால், பட்டன் விசைப்பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, அக்காவின் மாமியார் கண்டுபிடித்தார்.

டிவிஎச்சுக்கு எஸ்விஎச் (svh) என்று ஒரு தம்பி இருக்கிறான். பட்டை விரிந்திருக்கும் சின்ன உயரம்தான் அவன் கணக்கு. அசையமாட்டான். பட்டை சுருங்கினால் அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சும், அவ்வளவுதான். அந்த இடத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

சரி, நண்பனுக்குப் பதில். டிவிஎச் நல்ல சரக்கு, என்னைக் காப்பாற்றியது, தாராளமாகப் போடு. என் பக்கத்திலிருந்து மட்டும் எடுத்துவிட்டேன். முகப்புப் படம் எஸ்விஎச்சுக்கு மாறியது. பட்டனுக்கு உயரக் கணக்கே வேண்டாம் என்று சிஎஸ்எஸ்ஸின் ஸ்டிக்கி (sticky) போட்டுத் திரையின் அடியில் ஒட்டவைத்தாயிற்று. அக்கா இப்போது போன் செய்வது அதிரசத்தின் விலையை மாற்றச் சொல்லத்தான்.